8 மணி நேர வேலை: 108 ஊழியர்கள் இன்றும் கேட்பதை 1936-லேயே கேட்ட புதுச்சேரி வ.சுப்பையா... யார் இவர்?

இரவு 2 மணி. கெடார் பக்கம் ஒரு விபத்துன்னு வச்சுக்குவோம். யாரோ ஒருத்தர் 108-க்குப் போன் போடுகிறார். ஆம்புலன்ஸ் வருது, அடிபட்டவரை ஏத்திக்கிட்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுது. ஆம்புலன்ஸ் எத்தனை நிமிஷத்தில் வந்ததுன்னு எல்லோரும் பார்ப்போம். வண்டியை ஓட்டுறவரும், பின்னாடி உட்கார்ந்து ரத்தத்தை நிறுத்தப் போராடும் மருத்துவ உதவியாளரும் அன்னிக்கு எத்தனை மணி நேரமா முழிச்சிருக்காங்கன்னு யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இதில் வேலை பார்ப்பவர்களுக்கு 12 மணி நேர ஷிப்ட். அதை 8 மணி நேரமாக்கணும் என்று ஊழியர் சங்கங்கள் பல முறை கோரிக்கை வைத்திருக்கின்றன, வேலைநிறுத்த அறிவிப்பும் கொடுத்திருக்கின்றன. கோரிக்கை புதுசு மாதிரி தெரியலாம். ஆனா விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில், இதே 8 மணி நேரத்தைக் கேட்டு 12 பேர் குண்டடிபட்டு செத்திருக்கிறார்கள். நாள், 1936 ஜூலை 30. ஊர், புதுச்சேரி. அந்தப் போராட்டத்தின் முன்னால் நின்றவருக்கு அப்போது வயசு 25. பெயர் வ.சுப்பையா.

புதுச்சேரி ரயில் நிலையம் பக்கம் போனவர்கள் சுப்பையா சாலை என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சுப்பையாதான் இவர்.

யார் இந்த சுப்பையா?

1911 பிப்ரவரி 7-ம் தேதி புதுச்சேரியில் பிறந்தார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. பெத்தி செமினேர் பள்ளியிலும், பிறகு கல்வே கல்லூரியிலும் படித்தார். பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றும் கைவந்தது. அந்தக் காலத்தில் இந்தப் படிப்பு இருந்தால் பிரெஞ்சு அரசு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிம்மதியாகச் சம்பளம் வாங்கலாம். அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் தீண்டாமை ஒழிப்பு வேலைகளில் இறங்கினார். அரிஜன சேவா சங்கத்தின் புதுச்சேரிக் கிளைப் பணிகளில் முன்னால் நின்றார். 1934 பிப்ரவரி 17-ல் காந்தி புதுச்சேரிக்கு வந்தபோது அதன் பின்னால் இருந்த முக்கியமானவர்களில் ஒருவர் இந்த 23 வயது இளைஞர். அதே வருஷம் 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சென்னையில் கம்யூனிஸ்ட் தலைவர்களுடன் தொடர்பு ஏற்பட்டதும் அதே காலத்தில்தான். சேரிகளில் வேலை செய்யப் போனவர், அங்கே குடியிருந்தவர்கள் பாதிப் பேர் மில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதைப் பார்க்கிறார். சாதிப் பிரச்சினையும் வேலைப் பிரச்சினையும் ஒரே வீட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்துதான் அவருடைய கவனம் மில் கேட் பக்கம் திரும்புகிறது.

மில்லுக்குள் என்ன நடந்தது?

புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள். சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில். பின்னாளில் சவானா சுதேசி மில் ஆனது, கெப்ளே பாரதி மில் ஆனது, ரோடியர்தான் எல்லோருக்கும் தெரிந்த ஏ.எஃப்.டி. இந்த ஊரில் நெய்த நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கேயும் பிரெஞ்சு ஆட்சி, அதனால் சந்தைக்குப் பஞ்சமில்லை.

தயாரிப்புச் செலவுதான் முதலாளிகளுக்கு இன்னும் பெரிய வசதி. காரணம் ரொம்ப எளிது. பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டம் இருந்தது. போதாத சட்டம்தான், ஆனாலும் சட்டம். பிரான்ஸிலும் தொழிலாளர் சட்டங்கள் இருந்தன. புதுச்சேரியோ நடுவில் மாட்டிக்கொண்ட நிலம். பிரிட்டிஷ் சட்டம் எல்லையில் நின்றுவிடும். பிரான்ஸ் சட்டம் கடலைத் தாண்டி வராது. சங்கம் வைக்கவே சட்டப்படி உரிமை கிடையாது.

அதனால் வேலை நேரம் என்பது முதலாளி வைத்ததுதான். 12 மணி நேரத்துக்கு மேல் நிற்பது சர்வசாதாரணம். சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், இருட்டிய பிறகுதான் வெளியே வர முடியும். பெண்களும் சிறுவர்களும் அதே நேரத்துக்கு, ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு. நாள் முழுக்க மூக்கில் பஞ்சுத் தூசி. தறிச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது மந்தம். இதையெல்லாம் இன்றைக்கு வேலையிட நலம் என்று ஒரு அழகான பெயரில் பேசுகிறோம். அன்றைக்கு இதற்குப் பெயரே கிடையாது. இருமிக்கொண்டே வேலைக்குப் போனார்கள், முடியாதபோது நின்றுவிட்டார்கள். வேறு ஆள் வந்தான். அவ்வளவுதான்.

சுப்பையா செய்த முதல் வேலை, கூட்டம் போட்டுப் பேசியது இல்லை. தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய் உட்கார்ந்து, எத்தனை மணிக்குப் போறீங்க, எத்தனை மணிக்கு வர்றீங்க, என்ன கூலி என்று கேட்டு, அதைப் பத்திரிகையில் போட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வேலை நாள் முதல் முறையாக அச்சில் வந்தது. 1935-ல் சவானா மில்லில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதில் கொஞ்சம் நேரம் குறைந்தது, கொஞ்சம் கூலி ஏறியது. நின்றால் கிடைக்கும் என்ற நம்பிக்கை மற்ற இரண்டு மில்களுக்கும் பரவியது.

1936 ஜூலை 30: அன்று என்ன ஆனது?

இங்கே கொஞ்சம் பிரான்ஸுக்குப் போய்விட்டு வர வேண்டும். 1936 மே, ஜூனில் அங்கே மக்கள் முன்னணி ஆட்சிக்கு வருகிறது. லெயோன் ப்ளூம் பிரதமர். ஆலைகளைத் தொழிலாளர்கள் உள்ளே இருந்தபடியே முடக்குகிறார்கள். அரசு பேச்சுவார்த்தை நடத்தி வாரம் 40 மணி நேரம் வேலை, வருஷத்துக்கு 2 வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் கொண்டு வருகிறது. பாரிஸில் இருப்பவனுக்கு 40 மணி நேரம். அதே கொடியின் கீழ் முதலியார்பேட்டையில் இருப்பவனுக்கு அதில் பாதி உரிமைகூட இல்லை.

பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கத் தெரிந்த சுப்பையாவுக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஜூலை மாதம் புதுச்சேரி மில்களிலும் அதே முறை. வேலையை நிறுத்திவிட்டு வெளியே போகவில்லை, உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டது, 8 மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை, கூலி உயர்வு.

உள்ளே உட்காரும் போராட்டத்தில் முதலாளிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்து மில்லை ஓட்ட முடியாது. ஆட்களை அப்புறப்படுத்தினால்தான் வழி. ஜூலை 30-ம் தேதி நிர்வாகம் படையை இறக்கியது. சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் இன்னும் அதிகம்.

யோசித்துப் பாருங்கள். தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வாரம் கொடுத்த அதே அரசு பாரிஸில் இருக்கும்போது, அதன் துருப்புகள் இங்கே 48 மணி நேரம் கேட்டவர்களைச் சுட்டிருக்கின்றன. பாரிஸுக்குச் செய்தி போனதும் அங்கே பெரிய சங்கடம் ஆகிவிட்டது. அந்த ஆண்டிலேயே புதுச்சேரிக்கு வேறு ஆளுநர் வந்தார். அக்டோபரில் நேரு புதுச்சேரிக்கு வந்து நிலைமையைக் கேட்டறிந்தார்.

சட்டம் எப்படி வந்தது?

சுப்பையாவின் வாழ்க்கையில் பலரும் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதி இது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்தில் கலவரமாக முடிந்திருக்கலாம். பத்தோடு பதினொன்றாக அஞ்சலிக் கூட்டமாகவும் முடிந்திருக்கலாம். சுப்பையா அதைக் காகிதத்துக்குக் கொண்டு போனார். 1937-ல் பாரிஸுக்கே நேரில் சென்று, அங்கிருந்த அதிகாரிகளிடமும் அரசியல் தலைவர்களிடமும் புதுச்சேரி மில்களின் நிலைமையை எடுத்து வைத்தார். பிரான்ஸும் தொழிலாளர் நிலையை விசாரிக்க ஜுஸ்தேன் கொதார் என்ற செனட்டரை இந்தியாவுக்கு அனுப்பியது.

1937 ஏப்ரலில் பிரெஞ்சு இந்தியாவுக்கான தொழிலாளர் சட்ட ஆணை வந்தது. 8 மணி நேர வேலை நாள். சங்கம் அமைக்கும் உரிமை. பெண்கள், சிறுவர்கள் வேலைக்குக் கட்டுப்பாடு.

ஆசியாவிலேயே முதல் 8 மணி நேரச் சட்டம் இதுதான் என்று புதுச்சேரியில் பெருமையாகச் சொல்வார்கள். இந்த 'முதல்' பட்டத்தை வைத்துச் சண்டை போட வேண்டாம். பக்கத்தை மட்டும் ஒப்பிட்டாலே போதும். அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் நடைமுறையில் இருந்தது 1934-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அதன்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அதாவது எல்லைக்கு இந்தப் பக்கம், விழுப்புரம் பகுதியில் ஒரு ஆலை இருந்திருந்தால் அங்கே 10 மணி நேரம். எல்லை தாண்டினால் 8. இந்தப் பக்கம் வாரம் 48 மணி நேரம் என்று சட்டம் மாற, அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் எடுத்த முயற்சிகளைத் தொடர்ந்து, 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திர இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் அந்த 48 நிலைத்தது.

எல்லோருக்கும் 8 மணி நேரம் வந்ததே, இவருக்கு?

வரவில்லை. சுப்பையாவுக்கு அதன்பிறகு நிம்மதியான நாட்கள் ரொம்பக் குறைவு. 1938-ல் எதிர் அரசியல் குழுக்களின் வன்முறை புதுச்சேரியில் தலைவிரித்தாடியது. அவர் ஊரை விட்டு வெளியேறினால், எல்லைக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் போலீஸ் காத்திருக்கும். உள்ளே இருந்தால் பிரெஞ்சு போலீஸ். இரண்டு சாம்ராஜ்யங்களும் மாறி மாறிப் பிடித்தன. வேலூர் சிறையிலும் இருந்தார். பிறந்த ஊரிலிருந்தே நாடு கடத்தப்பட்டார். போர் முடிந்த 1945-ல்தான் திரும்ப முடிந்தது.

திரும்பியவுடன் தேர்தல். 1946-ல் அவர் முன்னின்ற தேசிய ஜனநாயக முன்னணி பெரிய வெற்றி பெற்றது. 1947-ல் பிரான்ஸ் நாடாளுமன்ற மேலவைக்கே உறுப்பினராகப் போனார். பிறகு மறுபடி சறுக்கல். 1950 ஜனவரியில் அவர் வீடு தீ வைத்து எரிக்கப்பட்டது. தலைமறைவு வாழ்க்கை. 1954-ல் பிரெஞ்சு இந்திய விடுதலைப் போராட்டம் கிராமம் கிராமமாக நடந்தபோது, இன்றைய விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் இருக்கும் திருபுவனை பகுதியில் கம்யூனிஸ்டுகள் களத்தில் நின்றார்கள். இந்த வழியாகப் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. அக்டோபர் 18-ல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது.

அதன்பின் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசை. 1969-ல் அமைந்த திமுக - கம்யூனிஸ்ட் கூட்டணி ஆட்சியில் அமைச்சர். 1993 அக்டோபர் 12-ல் காலமானார். இதற்கு நடுவில் அவர் முதலமைச்சர் ஆகியிருக்க வேண்டும் என்று ஆதங்கப்படுபவர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள். அது அரசியல் விவாதம், இங்கே வேண்டாம்.

அந்த 8 மணி நேரம் இப்போ எங்கே நிற்குது?

பஞ்சாலைத் தொழிலாளிக்குச் சட்டத்தில் 8 மணி நேரம் வந்து 90 வருஷம் நெருங்குகிறது. ஆனா 1948 தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலைக்காகத்தான் போடப்பட்டது. ஆம்புலன்ஸ், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் இதெல்லாம் தொழிற்சாலை இல்லை. அவசர சேவைக்கு நேரம் காலம் பார்க்க முடியாது என்பது எப்போதும் சொல்லப்படும் பதில். பாதி உண்மைதான். விபத்து ஷிப்ட் பார்த்து நடக்காது. ஆனா அதற்காக ஒரே ஆள் முழித்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? மூன்று ஷிப்ட் போட்டால் 24 மணி நேரமும் ஓடும். இரண்டு ஷிப்டுக்குப் பதில் மூன்று ஷிப்ட் என்றால் ஒன்றரை மடங்கு ஆள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. 1936-லும் அங்கேதான் இருந்தது.

நீண்ட நேர வேலை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு இப்போது கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் மரணங்களுக்கு இந்த நீண்ட வேலை நேரம் காரணம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. 12 மணி நேர ஷிப்டை வாரத்தில் 5 நாள் பார்த்தாலே 60 மணி நேரம் ஆகிவிடும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அவசர சேவையில் இன்னொன்றும் சேருகிறது. தினமும் ரத்தமும் மரணமும் பார்க்கிற வேலை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால்தான் மனசு கொஞ்சம் ஆறும். தமிழ்நாடு காவல்துறை, பெங்களூரு நிம்ஹான்ஸ் உதவியோடு காவலர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நிறைவாழ்வுப் பயிற்சி நடத்தியது. நல்ல விஷயம். 2021-ல் காவலர்களுக்கு வார விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனா தூக்கம் இல்லாதவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதைவிட, அவரை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புவது சுலபமான வைத்தியம் என்பது இந்தக் கட்டுரை எழுதுபவரின் கருத்து. பந்தோபஸ்து, திருவிழா, தேர்தல் என்று வந்தால் அந்த வார விடுமுறையும் காற்றில் போய்விடுகிறது என்பது காவலர் குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

தொழிற்சாலைப் பக்கமும் இந்த 8 மணி நேரம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது ஞாபகம் இருக்கா? தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, 4 நாள் வேலை, 3 நாள் விடுமுறை என்று விளக்கம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1-ம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, மசோதா வாபஸ் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். 11 நாளில் கதை முடிந்தது.

அந்த மில்கள் இப்போ?

மூன்றும் ஓடவில்லை. ஏ.எஃப்.டி-யை 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயல் புரட்டிப் போட்டது. அதிலிருந்து அது முழுசாக எழுந்திருக்கவே இல்லை. 2020-ல் ஏ.எஃப்.டி, சுதேசி, பாரதி மூன்றுமே மூடப்பட்டன. 8 மணி நேரம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், எத்தனை மணி நேரமானாலும் பரவாயில்லை, வேலை கொடுங்கள் என்று கேட்கும் நிலைமையும் வந்தது.

வருஷா வருஷம் ஜூலை 30 அன்று புதுச்சேரியில் தொழிற்சங்கத்தினர் அந்த 12 பேருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். அன்றைக்கும் கெடார் பக்கத்திலிருந்து விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்த 108 வண்டி, அடுத்த ஆள் வந்து சாவி வாங்கும் வரை அங்கேயே நிற்கும்.